கோட்டைச் சுவரில் மூன்றெழுத்து

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடுவதற்கு முதல்நாள் எங்கள் வரலாற்று ஆசிரியை சிஸ்டர் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தார். "நம் ஊருக்கு அருகிலுள்ள ஒரு வரலாற்று இடத்தைப் பார்த்துவிட்டு வந்து கட்டுரை எழுதுங்கள். கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். புத்தகத்தில் உள்ளது எனக்கும் தெரியும்" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் திருச்சியிலிருந்து என் சித்தி தம் பிள்ளைகள் இருவரோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. என் தம்பிக்கு எட்டு. மூவரும் சேர்ந்தால் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் வெளியே போய்விடலாமா என்று எண்ணும்படி இருக்கும். ஆகவே அப்பா, "நாளைக்கு எல்லோரும் மாமல்லபுரம் போய் வருவோம்" என்றபோது அம்மாவுக்குத்தான் முதலில் முகம் மலர்ந்தது.

ஆயா மட்டும் ஒப்பவில்லை. "இங்கே கூப்பிடு தூரத்தில் டச்சுக்காரன் கோட்டை இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் தூரத்தில் இருப்பதைக் காட்டப் போகிறீர்களா? முதலில் சதுரங்கப்பட்டினம், பிறகு மாமல்லபுரம்" என்றார். எங்கள் வீட்டில் ஆயா சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் அதைக் கேட்டதும் என் நெஞ்சு திக்கென்றது. அதற்குக் காரணம் உண்டு. கோட்டைக்குள் போனதும் சொல்கிறேன்.

மறுநாள் காலை புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டில்களும் தொப்பிகளும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். அப்பா ஒரு நிபந்தனை விதித்தார். "இன்றைக்கு நாம் எல்லாவற்றையும் பார்க்கப் போவதில்லை. நாலைந்து இடங்களைத்தான் பார்ப்போம். ஆனால் ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் ஏதாவது ஒன்றைத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும்." சித்திக்கு இதில் சிறிது வருத்தம். அவ்வளவு தூரம் வந்துவிட்டு நாலைந்து இடம்தானா என்றார். ஆறு வயதுப் பையனோடு பத்து இடம் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், தோழியரே! நான்காவது இடத்திலேயே பிள்ளை தோளில் தூங்கிவிடும். மீதி ஆறையும் தூக்குகிறவர்தான் பார்க்க வேண்டும்.

கோட்டைக் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். கடலைப் பார்த்து நிற்கிறது கோட்டை. வாயிலில் பீரங்கிகள் இருக்கின்றன. பையன்கள் இருவரும் ஆளுக்கொன்றில் ஏறி உட்கார முயல, காவலர் வந்து இறக்கிவிட்டார். உள்ளே செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய நீண்ட கிடங்குகளும், இடிந்த அறைகளும், கோட்டை மதிலின்மேல் ஏறிச் செல்லும் சரிவும் உள்ளன. மேலே ஏறி நின்றால் வங்கக் கடல் தெரிகிறது. கண்கொள்ளாக் காட்சி!

"இங்கே ராஜா சதுரங்கம் ஆடினாரா?" என்று சின்னவன் கேட்டான். ஊரின் பெயர் சதுரங்கப்பட்டினம் அல்லவா, நியாயமான கேள்விதான். ஐரோப்பியர் வாயில் இந்தப் பெயர் நுழையாமல் 'சத்ராஸ்' ஆகிவிட்டது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602ஆம் ஆண்டில் தோன்றியது. சோழமண்டலக் கரையில் பழவேற்காடும் பிறகு நாகப்பட்டினமும் அவர்களுக்குத் தலைமை இடங்களாக இருந்தன. அந்த வரிசையில் சதுரங்கப்பட்டினமும் ஒன்று. அவர்கள் இங்கு வந்ததற்குக் காரணம் துணி. இப்பகுதி நெசவாளர் நெய்த மெல்லிய மஸ்லின் துணிக்கு அன்று பெரும் மதிப்பு. நம் துணியைக் கப்பலில் ஏற்றிச் சென்று, இந்தோனேசியத் தீவுகளில் அதைக் கொடுத்துக் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். அதை ஐரோப்பாவில் பெரும் விலைக்கு விற்றார்கள். சித்தியின் மகள் தன் துப்பட்டாவின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தபடி, "இதுக்காகவா இவ்வளவு பெரிய கோட்டை?" என்றாள். இதைவிட நன்றாக எங்கள் பாடப்புத்தகமும் கேட்டதில்லை.

துணி வாங்க வந்தவர்கள் பின்னர் சண்டையும் போட்டார்கள். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் பேச 1754இல் இந்த ஊரில்தான் கூடினார்கள், பேச்சு பலிக்கவில்லை. 1781இல் ஆங்கிலேயர் சதுரங்கப்பட்டினத்தைக் கைப்பற்றினர். 1782 பிப்ரவரி 17ஆம் நாள், நாம் மணல்வீடு கட்டி விளையாடும் இதே கரைக்கு அப்பால், ஹியூஸ் தலைமையில் ஆங்கிலக் கப்பல்களும் சுஃப்ரென் தலைமையில் பிரெஞ்சுக் கப்பல்களும் மோதிக்கொண்டன. இரு தரப்பும் தம் வெற்றி என்று சொல்லிக்கொள்ளும்படி முடிந்தது அந்தப் போர். கடைசியில் 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி டச்சுக்காரர்கள் இந்தியாவில் இருந்த தங்கள் இடங்களை எல்லாம் ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கோட்டைக்குள் சிறிய கல்லறைத் தோட்டம் ஒன்றும் உண்டு. அப்பா கேட்டுக்கொண்டதால் காவலர் எங்களை அங்கே அழைத்துச் சென்றார். தரையில் கிடக்கும் பெரிய கற்பலகைகளில் டச்சு எழுத்துகளை மேடாகச் செதுக்கி, சுற்றிலும் வேலைப்பாடு செய்திருக்கிறார்கள். பிள்ளைகளின் சத்தம் அங்கே தானாகவே அடங்கியது. "இவங்க சொந்தக்காரங்க யாரும் வந்து பூ வைக்க மாட்டாங்களா?" என்று தம்பி கேட்டான். ஆயா தம் கூந்தலில் இருந்த கனகாம்பரத்தில் ஒரு துண்டு கிள்ளி ஒரு கல்லின் ஓரத்தில் வைத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் மட்டும் அங்கிருந்து கிடங்குப் பக்கம் போகாமல் எல்லோரையும் வாயிலுக்குத் திருப்பிவிடப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வெயில் ஏறுகிறது, பேருந்து போய்விடும்" என்று இரண்டு முறை சொன்னேன். பலிக்கவில்லை. தம்பியின் குரல் கிடங்குக்குள்ளிருந்து கேட்டது.

"அக்கா! இங்கே உன் பேரு எழுதியிருக்கு!"

ஆறாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தோழியர் வீட்டாரோடு இங்கே வந்திருந்தேன். பெரியவர்கள் மதில்மேல் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவரில் முன்பே நிறையப் பெயர்கள் இருந்தன. கீழே கிடந்த ஓர் ஆணியை எடுத்து, சுண்ணாம்புப் பூச்சில் என் மூன்றெழுத்துப் பெயரைக் கீறினேன். ஆழமாகக் கீற வேண்டும் என்று ஒவ்வோர் எழுத்தின்மேலும் மூன்று நான்கு தடவை இழுத்தேன். கீழே வகுப்பையும் பிரிவையும் வேறு எழுதினேன். நான்கு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. மழையில் அழிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அழியவில்லை. சுற்றிலும் பூச்சு உதிர்ந்து, எழுத்து முன்னைவிட அகலமாகியிருந்தது.

அப்பா வந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். என் பெயரில் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் வகுப்பும் பிரிவும் அப்படியே இருக்கின்றனவே! "நான்தான் அப்பா" என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குள் சின்னவன் தரையிலிருந்து ஓர் ஓட்டுத் துண்டை எடுத்துச் சுவரில் வைத்துவிட்டான். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன். "எழுதக் கூடாதுடா கண்ணா, இது பழைய சுவர்" என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க மட்டும் எழுதியிருக்கீங்களே அக்கா?" என்றான். குறும்பாகக் கேட்கவில்லை. உண்மையாகவே காரணம் தெரிந்துகொள்ளக் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

அப்பா காவலரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். "இதன்மேல் சிமெண்ட் பூசி மறைத்துவிடலாமா, ஐயா? செலவை நான் தருகிறேன்" என்று கேட்டார். காவலர் வயதானவர். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வேண்டாங்க சார். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் ஆகாது. ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு செங்கல்லே பொரிந்துபோகும். தொல்லியல் துறைக்காரங்க சுண்ணாம்பு வேலை செய்யும்போதுதான் இதையும் சரி செய்ய முடியும். அதுவரைக்கும் பாப்பா பேரு இருக்கும்" என்றார். வாயிலுக்கு வெளியே வந்தபின் அங்கிருந்த அறிவிப்புப் பலகையை அப்பா என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனை உண்டு. 2010இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று உயர்த்தியிருக்கிறார்கள். ஆறாம் வகுப்பில் இந்தப் பலகையை நான் பார்க்கவே இல்லை. ஆணியைத்தான் பார்த்தேன்.

மாமல்லபுரம் பேருந்தில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து நான் பேசாமல் வந்தேன். ஆயா சித்தியிடம் கடலைக் காட்டி 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். அன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். காலை நேரத்தில் கடல் எங்கள் நகரியத்துக்குள்ளே ஏறி வந்து எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோனதை இன்றும் ஆயாவால் குரல் தழுதழுக்காமல் சொல்ல முடிவதில்லை. அந்தச் சுனாமிதான் மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் மணலை அரித்துப் பழைய கல்வெட்டுகளை வெளியே காட்டியது. அதைத் தொடர்ந்து 2005இல் அகழ்ந்தபோது மண்ணுக்குள் ஒரு முருகன் கோயில் இருந்தது தெரியவந்தது. மேலே பல்லவர் காலக் கருங்கல், அதற்கும் அடியில் இன்னும் பழைய செங்கல் கட்டடம். அங்கே போக அன்று நேரமில்லை. சித்தி மறுபடியும் வருந்தினார்.

மாமல்லபுரத்தில் முதலில் பெரிய பாறைச் சிற்பத்தின்முன் போய் நின்றோம். ஏறத்தாழ 96 அடி நீளமும் 43 அடி உயரமும் கொண்டது. அர்ச்சுனன் தவம் என்பார் சிலர், பகீரதன் தவத்தால் கங்கை இறங்கி வரும் காட்சி என்பார் சிலர். நடுவிலுள்ள பிளவின் வழியே மேலிருந்து தண்ணீர் விழும்படி அமைத்திருந்தார்கள் என்றால், கங்கை என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. பிள்ளைகளுக்கு இந்த வாதம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அப்பா, "ஒற்றைக் காலில் நின்று எல்லோரையும் ஏமாற்றுகிற ஒருவர் இங்கே இருக்கிறார். முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஐஸ்கிரீம்" என்றார். மூவரும் இரைச்சல் இல்லாமல் நெடுநேரம் அந்தப் பாறையைப் பார்த்தார்கள். நம்புவீர்களா? கடைசியில் சின்னவன்தான் கண்டான்: முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனை! அதன் காலடியில் எலிகள்! யானையின் கீழே நிற்கும் குட்டிகளையும், பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானையும் பிறகு ஒவ்வொன்றாகத் தாங்களே கண்டுகொண்டார்கள். பக்கத்திலுள்ள கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் இடையரையும், கன்றை நக்கும் பசுவையும் கண்டு ஆயா, "எங்கள் வீட்டுப் பசுவும் இப்படித்தான் நிற்கும்" என்றார். வெண்ணெய் உருண்டைப் பாறையை மூவரும் தள்ளிப் பார்த்தார்கள். அது நகரவில்லை என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

மரநிழலில் சாப்பிட்டோம். சின்னவன் தயிர்ச்சோற்றில் மணல் விழுந்துவிட்டதென்று கால் மணி நேரம் அழுதான். கலங்கரை விளக்கத்தில் ஏறுவது அத்துடன் கைவிடப்பட்டது.

ஐந்து ரதங்களுக்குப் போகும் வழியில் ஒரு சிற்பக்கூடம். இவ்வூரில் 1957 முதல் சிற்பக் கல்லூரி இருக்கிறது. இங்குள்ள கற்சிற்பங்களுக்கு 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இப்போது இயந்திரத்தாலும் கல் அறுக்கிறார்கள், தூசியும் சத்தமும் அதிகம். ஆனால் அந்தச் சிற்பி உளியும் சுத்தியும் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையாரின் தும்பிக்கையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். தம்பி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "தப்பா அடிச்சிட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டான். "அந்த இடத்தில் தும்பிக்கையைக் கொஞ்சம் உள்ளே வளைத்துவிடுவேன். அதற்கும் ஆகாவிட்டால் இவர் சின்னப் பிள்ளையாராகிவிடுவார்" என்றார் அவர். பிறகு பாறையைப் பிளக்கும் முறையைச் சொன்னார். வரிசையாகச் சிறு குழிகள் வெட்டி, அவற்றில் காய்ந்த மர ஆப்புகளை அடித்துத் தண்ணீர் ஊற்றினால், மரம் ஊறிப் பருத்துப் பாறையைக் கோடு போட்டாற்போல் பிளந்துவிடும். அப்படிப்பட்ட குழி வரிசைகள் ஊரெங்கும் பாறைகளில் உள்ளன. வழியில் ஒரு வரிசையைப் பையன்கள் கண்டுபிடித்து ஒவ்வொரு குழியிலும் விரல் விட்டுப் பார்த்தார்கள்.

ரதங்களைக் கண்டதும் தம்பி கேட்டது: "தேர் என்றால் சக்கரம் எங்கே?" சக்கரம் கிடையாது. பாண்டவர்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமும் கிடையாது. பெயர் பிற்காலத்தில் வைத்தது. ஏழாம் நூற்றாண்டில், மாமல்லன் என்ற பட்டப்பெயர் கொண்ட முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில், நின்ற பாறைகளையே குடைந்து ஆக்கிய கோயில் வடிவங்கள் இவை. திரௌபதி ரதம் நம் ஊர்க் கூரை வீடு மாதிரியே இருக்கிறது. ஓலைக் கூரையைக் கல்லில் செய்து பார்த்திருக்கிறார்கள்! நகுல சகாதேவ ரதத்தின் பின்பக்கம் யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும். அதன் அருகில் நிஜ யானை அளவில் ஒரு கல் யானை நிற்கிறது, ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்வதுபோல.

இங்கே அப்பா வைத்த போட்டி, முடிக்காமல் விட்ட இடங்களைக் கண்டுபிடிப்பது. மேலே சிகரம் வழவழவென்று முடிந்திருக்க, கீழே சுவர்கள் கரடுமுரடாக நிற்கின்றன. கட்டடம் கட்டுகிறவர் அடியிலிருந்து மேலே போவார். பாறையைக் குடைகிறவர் உச்சியில் தொடங்கிக் கீழே வருவார். அதனால்தான் முடியாத வேலை எல்லாம் கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது. பெரியவள் எட்டு இடம் எண்ணினாள். நான் தர்மராஜ ரதத்தின் அடியில் உளி பட்ட தழும்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒவ்வோர் அடியும் எண்ணும்படி தெரிகிறது. அவற்றுக்கு நடுவே, நம் காலத்து யாரோ ஒருவர் எழுதிய இரண்டு பெயர்களும் ஓர் இதயப் படமும். மற்ற நாளாக இருந்தால், "இவர்களுக்கெல்லாம் அறிவே இல்லை" என்று உரக்கச் சொல்லியிருப்பேன்.

மாலையில் கடற்கரைக் கோயிலை வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் பார்த்தோம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் எழுப்பியது. இது குடைந்ததன்று, கல்லை அடுக்கிக் கட்டியது. உப்புக் காற்று சிற்பங்களின் மூக்கையும் விரலையும் தேய்த்துவிட்டது. அதைத் தடுக்கத்தான் கடற்பக்கம் கற்களைக் கொட்டியும் மரங்களை வளர்த்தும் வைத்திருக்கிறார்கள். 1984இல் இவ்வூர்ச் சின்னங்கள் உலக மரபுச் சின்னங்களாயின. சின்னவன் இவற்றில் எதையும் கேட்கவில்லை. அப்பாவின் தோளில் தூங்கிவிட்டான்.

பள்ளி திறந்ததும் சிஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டையை விட்டுவிட்டு மாமல்லபுரத்தை மட்டும் எழுதலாமா என்றும் கேட்டேன். சிஸ்டர் சற்று நேரம் யோசித்தார். "திருக்கழுக்குன்றம் மலையில் ஒருகல் மண்டபம் என்று ஒரு பல்லவர் குகை இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வா. பிறகு எதை எழுதுவது, எதை விடுவது என்று நீயே முடிவு செய்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவும் நானும் தம்பியும் போனோம். மலைப் படிகள் 565 என்பார்கள். தம்பி எண்ணிக்கொண்டே ஏறி நடுவில் மறந்துவிட்டான். ஒரே பாறையைக் குடைந்த மண்டபம். பருத்த தூண்கள். உள்ளே போய்க் கண் பழகியதும் தெரிந்தது, கல்லில் ஆங்காங்கே ஐரோப்பிய எழுத்துகள். அப்பா கைவிளக்கை அடித்துக் காட்டினார். சதுரங்கப்பட்டினத்திலிருந்த டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் இங்கே சுற்றிப் பார்க்க வந்து, தங்கள் பெயர்களை வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்களைப்போல் சோறு கட்டிக்கொண்டு வந்திருப்பார்களோ என்னவோ! எழுத்துகள் என்னுடையதைவிட அழகாக இருந்தன. ஆணியால் கீறியதல்ல, பொறுமையாக வெட்டியது. இன்று அறிஞர்கள் அவற்றைப் படித்துக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

"இவங்க அப்பா இவங்களைத் திட்டினாங்களா?" என்று தம்பி கேட்டான்.

"இவர்கள் அப்பா எல்லோரும் பல மாதக் கப்பல் தூரத்தில் இருந்தார்கள்" என்றார் அப்பா.

"அப்போ அக்கா பேரையும் முந்நூறு வருஷம் கழிச்சு யாராவது படிச்சு எழுதி வைப்பாங்களா?"

"வைத்தாலும் வைப்பார்கள். வகுப்பும் பிரிவும் எழுதியிருக்கிறாளே, அவர்களுக்கு வசதிதான்" என்றார் அப்பா. அன்றுதான் அந்தச் சுவரைப் பற்றி அப்பா முதன்முதலாகச் சிரித்துப் பேசினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த டச்சு எழுத்துகளின் அடியில் பல்லவர் காலத்துச் சிற்பியின் கை எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க முயன்றேன். எழுத்து வெட்டிய இடத்தில் அது இல்லை.

பொங்கலன்று திருச்சியிலிருந்து சித்தி பேசினார். பெரியவள் தவசிப் பூனையைப் படம் வரைந்து வகுப்பில் ஒட்டியிருக்கிறாளாம். பிறகு சின்னவன் தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டான். நலம் விசாரிக்கவில்லை. நேராக, "அக்கா, சுவத்துல உங்க பேரு அழிஞ்சிடுச்சா?" என்றான்.

"இன்னும் இல்லைடா" என்றேன்.